இடைகழியில் ஒரு மழைநாள்

ஊர் காணப் புறப்படுவோருக்கு இரண்டு தடைகள் உண்டு என்று பலரும் கருதுகின்றனர். ஒன்று, கையிற் பணம் இல்லாமை. மற்றொன்று, வானில் மழை இருத்தல். பணம் இல்லாதவன் வீட்டை விட்டுப் புறப்படுவதே இல்லை. பணம் உள்ளவனோ, மழை வந்தால் விடுதி அறையின் சன்னல் அருகே அமர்ந்து, நாள் வீணாயிற்றே என்று வருந்துகிறான். இவ்விரு தடைகளும் ஒருங்கே வந்து சேர்ந்த நாளிலும் ஓர் ஊரை நன்றாகக் காணலாம் என்பதையே இன்று உங்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறேன்.

முதலில் உலகப் படத்தை விரித்து, நார்வே நாட்டின் மேற்குக் கரையைப் பாருங்கள். பண்டைக் காலத்தில் பனியாறுகள் குடைந்து சென்ற ஆழமான பள்ளத்தாக்குகளிற் கடல் புகுந்து நிற்பதைக் காண்பீர்கள். அவற்றை அந்நாட்டார் ஃபியோர்டு என்பர். நாம் கடற்கழி எனலாம். இக்கழிகளைக் காண்பதற்கென்றே பெரிய கப்பல்கள் செல்கின்றன. காலையிற் பயணிகளை ஒரு துறைமுகத்தில் இறக்கிவிட்டு, மாலையில் மீண்டும் ஏற்றிக்கொள்ளும். அத்துறைமுகங்களுள் புகழ் பெற்றது பெர்கன். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து மழையாகப் பொழிவதால், அங்கே ஆண்டில் இருநூறு நாள்களுக்கு மேல் மழை பெய்கிறது. பண்டங்களின் விலையும் அந்நாட்டில் மிகுதி. ஆயினும், சிக்கனம் அறிந்த பயணி கலங்குவதில்லை. ரொட்டியைப் பையில் வைத்துக்கொண்டு கரையில் இறங்குகிறான். பழைய வணிகர்களின் மரவீடுகள் வரிசையாய் நிற்கும் பிரிக்கென் என்னும் பகுதியில், அவ்வீடுகளுக்கு இடையேயுள்ள குறுகிய சந்துகளில் ஒதுங்கி நடக்கிறான். 1979ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்ட அத்தெருவைச் சுற்றி நடப்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

கப்பலிலிருந்து ஒரு பகற்பொழுதுக்கு மட்டும் இறங்கியவன் நிலையும், ஒரு வண்டியிலிருந்து இறங்கி மறு வண்டிக்குக் காத்திருப்பவன் நிலையும் ஒன்றே. இருவருக்கும் கிடைப்பது ஓர் இடைநாள். நார்வேக்குச் செல்லும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிட்டுமோ! ஆனால், விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு இரயிலிலோ பேருந்திலோ செல்லும் வாய்ப்பு நம்மிற் பலருக்குக் கிட்டும். இவ்விரண்டு ஊர்களுக்கும் ஏறத்தாழ நடுவே பெண்ணையாற்றங்கரையில் அமைந்திருப்பது திருக்கோவிலூர். திருவண்ணாமலைத் தீபத்துக்குக் கூட்டம் திரளும் கார்த்திகை மாதம், வடகிழக்குப் பருவமழை பொழியும் மாதமும் ஆகும். ஆதலின், மழைக்காலத்தில் இவ்வூரில் இறங்குவோர் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் தேநீர்க் கடையின் கூரையடியில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவ்வாறு நிற்கும் மாணவன் ஒருவனுக்கு வழி சொல்வது போலவே இந்தப் பேச்சை அமைத்துக்கொள்கிறேன்.

திருக்கோவிலூர் இரயில் நிலையம் உண்மையில் ஆற்றின் வடகரையில், அரகண்டநல்லூரில் உள்ளது. ஊரோ தென்கரையில் உள்ளது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, தென்கரைத் திருக்கோவிலூர் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. அரகண்டநல்லூர் விழுப்புரம் மாவட்டத்திலேயே நின்றது. ஆகவே பாலத்தைக் கடப்பவன் ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டத்துக்குச் செல்கிறான். நடந்து கடப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பாலத்தின்மேல் நின்று ஆற்றைப் பாருங்கள். கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியிலே பிறந்து, கிருட்டினகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் வழியாக வந்து, கடலூருக்கு அருகே வங்கக் கடலிற் கலக்கும் ஆறு இது. கோடையில் மணலாய்க் கிடக்கும். மழைக்காலத்திலோ இதன் போக்கை இவ்வூர் வானத்தை மட்டும் பார்த்துக் கணிக்க இயலாது. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின், மேற்கே பெய்த பெருமழையால் சாத்தனூர் அணை விரைந்து நிரம்பிற்று. டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில் நொடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேலான நீர் அங்கிருந்து திறந்துவிடப்பட்டது. கரையோர ஊர்களிலும் வயல்களிலும் வெள்ளம் புகுந்தது. இங்கே தூறல் நின்றிருக்கலாம். மேற்கே பெய்த மழை பின்னால் வந்துகொண்டிருக்கும். ஆதலின், மழைநாளில் ஆற்றைப் பாலத்தின்மேல் நின்று காணுங்கள், மணலில் இறங்காதீர்கள். இந்த ஓர் எச்சரிக்கையை நான் எந்த மாணவனுக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

பாலத்தைக் கடப்பதற்கு முன்பே வடகரையிற் காணத்தக்கது ஒன்று உண்டு. ஆற்றை ஒட்டிய பாறையின்மேல் ஒப்பிலாமணீசுவரர் கோயில் உயர்ந்து நிற்கிறது. ஞானசம்பந்தர் இவ்வூரை அறையணிநல்லூர் என்று பாடினார். அறை என்பது பாறை. பாறையை அணியாகக் கொண்ட நல்லூர் என்று பொருள் கொள்ளலாம். அந்தப் பாறையிலேயே பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்றும் உண்டு. அது முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட குடைவரை. முற்றுப்பெற்ற சிற்பத்தைக் கண்டால் வியக்கிறோம். முற்றுப்பெறாததைக் கண்டால்தான் உளி எவ்வாறு வேலை செய்தது என்று அறிகிறோம். மாணவர்களுக்கு இரண்டாவதே அதிகப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

இக்கோயிலுக்கு 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் மாலையில் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். வயது பதினாறு, பள்ளி மாணவர், பெயர் வேங்கடராமன். பிற்காலத்தில் உலகம் அவரை இரமண மகரிஷி என்று அறிந்தது. அவருடைய ஆன்மிகத்தைப் பற்றி ஈண்டு நான் பேச வரவில்லை. அவருடைய வழிச்செலவைப் பற்றியே பேசுகிறேன். மதுரையிலிருந்து அவர் கொண்டு வந்தது மூன்று ரூபாய். திண்டிவனத்துக்கு இரயில் கட்டணம் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா ஆதலால், மிச்சம் மூன்று அணா. திண்டிவனம் வரை செல்லாமல் விழுப்புரத்திலேயே இறங்கினார். அங்கே உணவு விடுதிக்காரர் ஒருவர், இவர் கையிலிருந்த சில்லறையை அறிந்து, சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். எஞ்சிய காசு மாம்பழப்பட்டு வரை செல்லும் பயணச்சீட்டுக்கே போதுமானதாக இருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ பத்து மைல் நடந்து அறையணிநல்லூரை அடைந்தார்.

அன்றிரவு ஆற்றைக் கடந்து கீழையூர் வீரட்டேசுவரர் கோயிலுக்கு வந்தபோது, பசி மிகுந்திருந்தது. அங்கே பூசையின்போது மேளம் வாசித்தவர், தமக்குரிய சோற்றுப் பங்கை இவருக்குக் கொடுத்தார். மறுநாள் கோகுலாஷ்டமி. கீழையூரில் ஒரு வீட்டில் அந்த இளைஞருக்கு வயிறார உணவு கிடைத்தது. பண்டிகைப் பலகாரமும் கிடைத்தது. தம் காதிலிருந்த கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்று, இரயில் நிலையத்திலே இரவைக் கழித்து, செப்டம்பர் முதல் நாள் காலையில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

இச்செய்தியில் நான் உங்கள் கருத்துக்குக் கொண்டுவர விரும்புவது அந்த மேளக்காரரின் செயலை. கோயிலில் அவருக்கு வந்த பங்கு ஒருவர் உண்ணத்தக்கது. அதையே அவர் முன்பின் அறியாத பையனுக்குக் கொடுத்தார். எதிரே நின்றவன் எதிர்காலத்தில் யாராவான் என்பது அவருக்குத் தெரியாது. பசித்து நிற்கிறான் என்பது மட்டுமே தெரியும்.

இனிப் பாலத்தைக் கடந்து கீழையூருக்கு வருவோம். வீரட்டேசுவரர் கோயில் சிவபெருமானின் எட்டு வீரட்டங்களுள் ஒன்று. அந்தகாசுரனை வென்ற இடம் என்பது புராணம். மழைக்கு ஒதுங்கி நிற்பவன் இங்கே சுவர்களைப் படிக்கலாம். இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அவன் தாயான வானவன் மாதேவி மலையமான் குடியிற் பிறந்தவள் என்பதைக் கூறுகிறது. அதே கல்வெட்டு, புலவர் கபிலர் தம் நண்பன் பாரியின் மகளை மலையமானுக்கு மணஞ்செய்து கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றிலுள்ள பாறையில் தீப்புகுந்தார் என்றும் கூறுகிறது. கோயிலுக்கு அருகே ஆற்றில் நிற்கும் கபிலர் குன்று அதுவே என்பர். புறநானூற்றின் பழங்குறிப்போ, கபிலர் வடக்கிருந்து உயிர் நீத்தார் என்று கூறுகிறது. எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டுவதில்லை. கபிலருக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒரு சான்று. ஏடுகளின் வழியே வந்த குறிப்பு மற்றொரு சான்று. நண்பனின் மக்களுக்கு ஓர் இல்லம் தேடிக் கொடுத்தபின்னரே கபிலர் உயிர் நீத்தார் என்பதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. வரலாற்று மாணவன் வேறுபாட்டையும் ஒற்றுமையையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

மழை பெய்யும்போதுதான் காணக்கூடிய ஒன்றும் இக்கோயிலில் உண்டு. அதை எனக்குக் காட்டியவன் என் மாணவன் ஒருவன். நான் தலைமையாசிரியராய் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள ஊர்களைக் காணச் செல்வது வழக்கம். வகுப்பிலேயே மிகக் குறைவாகப் பணம் தரக்கூடியவன் எவ்வளவு தருவானோ, அதுவே எல்லார்க்கும் கட்டணம் என்பது எங்கள் விதி. ஓராண்டு கார்த்திகையில் கீழையூர்க் கோயிலில் மழை எங்களைப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் மண்டபத்துக்குள் ஒதுங்கினோம். கொத்தனாரின் மகன் ஒருவன் மட்டும் தூணோரம் நின்று கூரையின் விளிம்பையே நோக்கிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்டிருந்தாலும் அன்று அவன் வந்திருக்க இயலாது. என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். “ஐயா, இவ்வளவு மழையிலும் சுவர் நனையவே இல்லையே” என்றான்.

எல்லாரும் சென்று பார்த்தோம். சுவருக்கு வெளியே வளைந்து நீண்டு நிற்கும் கல்விளிம்பைக் கொடுங்கை என்றும் கபோதம் என்றும் சிற்பியர் கூறுவர். கூரையில் விழும் நீர் அதன் வளைவில் வழிந்து, நுனியிலிருந்து சுவருக்கு அப்பால் விழுகிறது. அதனால் அடியிலுள்ள கல்லெழுத்துகள் மீது நீர் நேரே ஓடுவதில்லை. தளக்கற்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இட்டு, நீர் தேங்காமற் சரிவு கொடுத்து, தூம்பு வழியே வெளியேற்றும் முறையையும் அவனே தோழர்களுக்கு விளக்கினான். தந்தையோடு வேலைக்குச் சென்று கற்றது அது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எழுத்தை நாம் இன்று படிக்க முடிவதற்கு ஒரு காரணத்தை அன்று அந்த மாணவனிடமிருந்து கற்றோம். வெயில் நாளிற் சென்றிருந்தால் கொடுங்கையை அழகு என்று சொல்லிக் கடந்திருப்போம். கட்டணம் சற்று மிகுந்திருந்தால், அதை விளக்குபவனே வந்திருக்க மாட்டான். சிக்கனம் என்பது பணத்தைச் சேமிப்பதற்கு மட்டும் அன்று, ஒருவரும் விடுபடாமல் இருப்பதற்கும் ஆகும் என்பதை அந்த நாள் எனக்கு உறுதிப்படுத்திற்று.

நண்பகலிற் கோயில்களின் நடை சாத்தப்படும். மாலையிலேதான் மீண்டும் திறக்கும். இந்த இடைவேளையே மழைநாட் பயணிக்குப் பெருந்தொல்லை. வீட்டிலிருந்து கட்டி வந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை உண்டு முடித்தபின், ஊரின் பொது நூலகத்துக்குச் செல்லுங்கள். புறநானூற்றைக் கேட்டு வாங்கி, 121ஆம் பாட்டைப் படியுங்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவனும் கோவலூரை ஆண்டவனுமாகிய மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் கூறியது அது. வருகின்ற எல்லார்க்கும் ஒருபடியாகக் கொடுத்தல் எளிது. ஒவ்வொருவர் தகுதியையும் அறிந்து கொடுத்தல் அரிது. ஆகவே புலவர்களைப் பொதுநோக்காக நோக்காதே என்பது அதன் கருத்து. கொடையிற் சிறந்தவன் என்று ஊரெல்லாம் புகழ்ந்த தலைவனிடமே, கொடுக்கும் முறையிற் குறை உண்டு என்று ஒரு புலவர் நேரே கூறினார். அவ்வாறு கூறுதற்கு அஞ்சாத புலமையும் அதைக் கேட்கும் பொறுமையும் வாழ்ந்த ஊரிலேயே அமர்ந்து அப்பாட்டைப் படிப்பது தனி இன்பம்.

மாலையில் ஊரின் நடுவேயுள்ள திருவிக்கிரமப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோம். ஓரடியால் உலகளந்து நிற்கும் மிகப் பெரிய திருவுருவம் இங்கே உள்ளது. எனினும், இக்கோயிலின் பெருங்கதை பேருருவத்தைப் பற்றியதன்று. மிகச் சிறிய ஓர் இடத்தைப் பற்றியது. காஞ்சியிற் பிறந்த பொய்கையாழ்வார், கடல்மல்லையிற் பிறந்த பூதத்தாழ்வார், மயிலையிற் பிறந்த பேயாழ்வார் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஓர் இரவு பெருமழை பெய்தது. பொய்கையார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். வாயிற் கதவுக்கும் உள்வீட்டுக்கும் நடுவேயுள்ள குறுகிய வழியே இடைகழி. பழைய வீடுகளில் நாம் ரேழி என்று வழங்குவதும் அதுவே. பூதத்தார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று முன்னவர் எழுந்து அமர்ந்தார். பேயார் வந்தார். மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றனர். பின்னர் நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை இருளிலே மூவரும் உணர்ந்தனர். அவர் யார் என்று காண வேண்டி, ஒருவர் உலகையே அகலாக வைத்துப் பாட்டால் விளக்கேற்றினார். மற்றொருவர் அன்பையே அகலாக வைத்து ஏற்றினார். மூன்றாமவர் அவ்வொளியில் தாம் கண்ட காட்சியைப் பாடினார் என்பது வைணவ மரபு. இவ்வாறு பிறந்த மூன்று திருவந்தாதிகளும், அந்தாதி ஒன்றுக்கு நூறு பாட்டாக, நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் இடம் பெற்றுள்ளன.

பத்தர்கள் இதைத் தெய்வச் செயலாகப் போற்றுவர். இலக்கிய மாணவனும் இதில் எண்ணிப் பார்க்க வேண்டியது உண்டு. இடைகழியின் நீள அகலம் அன்றிரவு மாறவில்லை. உள்ளிருந்தவர்கள் தாம் இருந்த நிலையை மாற்றிக்கொண்டார்கள். அதனால் இடம் உண்டாயிற்று. படுத்தவர் எழுந்து உட்கார மறுத்திருந்தால், மூன்று பெரும்புலவர்கள் ஒருவரையொருவர் அறியாமலே போயிருப்பார்கள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். மேற்கே பெண்ணையாற்றை ஒட்டிய சம்பை என்னும் ஊரில், இயற்கையான பாறைக்குகை ஒன்றிலே 1981ஆம் ஆண்டில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் அது என்று, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அவ்வெழுத்துக் கூறுகிறது. பாளி என்பது அவ்வுறைவிடத்துக்கு அங்கே வழங்கும் சொல். அசோகனுடைய கல்வெட்டுகளில் வரும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாளைய ஐயமும் அக்கல்வெட்டாலேயே தீர்ந்தது. கோவலூரைப் போரில் வென்ற அஞ்சியே, துறவியர் தங்குவதற்கு இவ்விடத்தைக் கொடுத்திருக்கிறான். சமண முனிவர்கள் மழைக்காலத்தில் ஊர் ஊராய்ச் செல்லாமல் ஓரிடத்தில் தங்குவது மரபு. அவர்களுக்கு உலர்ந்த பாறைத்தளமே அரசன் தரக்கூடிய பெருங்கொடை. ஆயினும், இக்குகையைக் காண மழை ஓய்ந்த ஒரு நாளில் செல்லுங்கள், ஈரப்பாறை வழுக்கும்.

இனி, செலவுக் கணக்கு. வீட்டிலிருந்து கொண்டுவரும் சோற்றுப் பொட்டலம், தண்ணீர்க் குப்பி, குடை, துண்டு, நனையாத உறையிலிட்ட குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். ஊருக்குள் செல்ல நகரப் பேருந்துக் கட்டணமும், இரண்டு தேநீருக்கான காசும் வேண்டும். இடியும் மின்னலும் இருந்தால் திறந்த பாறைமேலோ தனிமரத்தின் கீழோ நிற்க வேண்டா. ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடவும் வேண்டா. மழை உங்களை எந்த இடத்தில் நிறுத்துகிறதோ, அந்த இடத்தை முழுதாகப் பாருங்கள்.

மாணவ நண்பர்களே, பாறைக்குகை, கோயில் மண்டபம், கீழையூர் வீடு, இடைகழி என்னும் இந்நான்கும் ஒருவர் மற்றொருவருக்கு இடமோ உணவோ கொடுத்த வரலாறுகளே. இரண்டாயிரம் ஆண்டாக இவ்வூர் வழிப்போக்கர்களுக்கு அவற்றைக் கொடுத்து வந்திருக்கிறது. நீங்கள் அங்கே சென்று மழைக்கு ஒதுங்கும்போது, அந்தக் கொடையைப் பெறுகிறவர்கள் ஆகிறீர்கள். ஆதலின், அங்கே குப்பையை விட்டு வராதீர்கள். கல்லெழுத்தின்மேல் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். உங்களுக்குப் பின்னால் நனைந்துகொண்டு ஒருவர் வந்தால், சற்றே நகர்ந்து உட்காருங்கள். அடுத்த பயணத்துக்குப் புறப்படும்போது, பணம் இல்லை என்று பின்தங்கி நிற்கும் தோழன் ஒருவனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவனால் தரக்கூடிய அளவுக்கு உங்கள் செலவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.